வெயிலில் கழன்ற பிளாஸ்திரி

மாமல்லபுரத்துக்குத் தெற்கே கடற்கரைச் சாலையில் ஓர் ஆய்வகத்தில் எனக்கு வேலை. என்ன வேலை என்று கேட்பவர்களிடம் பசை செய்கிறேன் என்பேன். போஸ்டர் ஒட்டவா என்று கேட்பார்கள். இல்லை, தோலில் ஒட்ட. ஒட்டியிருக்கும்வரை பிளாஸ்திரி கெட்டியாகப் பிடித்திருக்க வேண்டும். நீல வெளிச்சம் பட்டதும் வலிக்காமல் விட்டுவிட வேண்டும். வயதானவர்களுக்குத் தோல் மெலிந்துபோயிருக்கும். பிளாஸ்திரியைப் பிரித்தால் தோலும் கூடவே வந்துவிடும். அதற்காகத்தான் இந்தப் பாடு.

செங்கல்பட்டில் எங்கள் மாடி வீட்டில் குடியிருந்த அக்கா, ஒரு மருத்துவமனையில் நர்ஸ். நான்கு வருடங்களாக என் பசைக் கதையைக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போனவர்.

"கண்ணாடி மேல ஒட்டிச்சு, பன்னித் தோலு மேல ஒட்டிச்சுன்னு சொல்லிக்கினே கீறியே, மனுசன் மேல எப்ப ஒட்டுவே?" என்பார்.

ஒருவழியாக ஆட்கள்மேல் ஒட்டிப் பார்க்க அனுமதி கிடைத்தது. முதலில் கையெழுத்துப் போட்டு முன்வந்தவர் என் கணவர். தியாகம் என்று அவர் சொல்லிக்கொண்டார். உண்மையில் அந்தக் கையை விட்டால் எனக்கு வேறு நல்ல கை கிடைத்திருக்காது. மணிக்கட்டிலிருந்து தோள்வரை அப்படி ஒரு முடி. அதில் வலிக்காமல் கழன்றால் யார் கையிலும் கழலும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கைக்கு மூன்றாக ஆறு பிளாஸ்திரிகள் ஒட்டினேன். தண்ணீர் படக் கூடாது, சொறியக் கூடாது, சாயங்காலம்வரை இருக்க வேண்டும் என்று வரிசையாகச் சொன்னேன். தலையை ஆட்டிக்கொண்டே அரைக்கைச் சட்டையைப் போட்டுக்கொண்டு பைக்கை எடுத்தார். செய்யூருக்குப் பக்கத்தில் அவர் அண்ணன் நிலத்தில் அன்று வேர்க்கடலை பிடுங்கினார்கள்.

பதினொரு மணிக்கு போன் வந்தது.

"ஏம்மா, இன்னாத்த ஒட்டி அனுப்புன? ஆறுல ரெண்டுதான் கீது."

"மிச்சம் எங்க?"

"எனக்கு இன்னா தெரியும்? திருக்கழுக்குன்றத்துல டீ குடிக்கறப்ப ஒண்ணு கிளாசுக்குள்ள வுழுந்திச்சு. அப்புறந்தான் கையையே பார்த்தேன்."

"வலிச்சுதா?"

"வலியா? போனதே தெரியலங்கறேன்!"

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. பசை சொன்னதைத்தான் செய்திருந்தது. வெளிச்சம் பட்டது, விட்டுவிட்டது. சூரிய வெளிச்சத்திலும் நீலம் இருக்கிறது என்பது பள்ளிக்கூடப் பாடம். எங்கள் ஆய்வகத்து ஜன்னல்களில் பசை கெடாமலிருக்க மஞ்சள் தாள் ஒட்டியிருப்போம். அந்த மஞ்சளுக்குள்ளேயே நான்கு வருடம் உட்கார்ந்திருந்ததில், வெளியே வெயில் என்று ஒன்று இருப்பதை நான் மறந்துவிட்டேன். அதுவும் செங்கல்பட்டில்.

மாடிக்குப் போய் அக்காவிடம் சொன்னேன். துணி மடித்துக்கொண்டிருந்தவர் சிரித்த சிரிப்பில் மடித்ததெல்லாம் சரிந்தது.

"அப்ப உன் பிளாஸ்திரி போட்ட பேஷன்ட்ட இருட்டு ரூம்ல பூட்டி வைக்கணும்." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "மேல கருப்பா ஒண்ணு ஒட்டேன். எடுக்கறப்ப மொதல்ல அத்த உரிச்சிட்டு, அப்புறம் லைட்டு அடி."

இவ்வளவு சுலபமான யோசனை எனக்குத் தோன்றவில்லையே என்று அக்காமேல் கொஞ்சம் கோபம்கூட வந்தது.

செய்வது அத்தனை சுலபமாக இல்லை. மேலே ஒட்டிய கருப்புப் படலத்தை உரித்தால், அது கீழே இருந்த பிளாஸ்திரியையும் இழுத்துக்கொண்டு வந்தது. கூடவே என் கணவரின் முடியும். ஒரு மாதம் அவர் வலது கையில் சதுரம் சதுரமாக வழுக்கை. ஆபீசில் கேட்டவர்களிடம் "வூட்ல ஆராய்ச்சி நடக்குது" என்று மட்டும் சொல்வாராம். அதற்கு மேல் யாரும் கேட்கவில்லையாம். ஏழாவது தடவை கருப்பு தனியாக வந்தது. வெளிச்சம் காட்டியதும் பிளாஸ்திரியும் தானாகக் கிளம்பியது.

அதன்பிறகு மருத்துவமனையிலும் முறையாக அனுமதி வாங்கி, அக்கா வேலை செய்த வார்டிலேயே சிலருக்குப் போட்டோம். அதில் ஒருவர் கடப்பாக்கத்தில் மீன் விற்கும் ஆயா. புறங்கைத் தோல் வெங்காயச் சருகுபோல இருந்தது. முன்பு ஒரு தடவை பிளாஸ்திரி பிரித்தபோது தோல் கிழிந்து, ஆற மூன்று வாரம் ஆனதாம். பிரிக்கும் அன்று காலையில் கண்ணை இறுக்க மூடிக்கொண்டார்.

அக்கா கருப்பை உரித்து, சின்ன நீல விளக்கைக் காட்டினார். அரை நிமிடம். பிறகு ஓரத்தை விரலால் தொட்டதும் பிளாஸ்திரி விரலோடு வந்துவிட்டது. தோலில் சிவப்புகூட இல்லை.

"பிரிக்கறதுன்னா சொல்ட்டு பிரி தாயி," என்றார் ஆயா, கண்ணைத் திறக்காமல்.

"பிரிச்சாச்சு ஆயா," என்றேன்.

ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்தார். கையைத் திருப்பிப் பார்த்தார். பிறகு என்னை முறைத்தார்.

"இவ்ளோதானா? இதுக்குப் பயந்துகினு காத்தால நாஸ்தா கூட துன்னாம குந்திக்கினு கீறேன். மொதல்லயே சொல்றதுக்கு இன்னா?"

நேராக கேன்டீனுக்குப் போய் நான்கு இட்லி வாங்கிவந்தேன். ஆயா அந்தக் கையாலேயே பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட்டார். சாம்பாரில் உப்பு பத்தவில்லை என்றார்.