டுபாக்கூர்

டுபாக்கூர் என்ற சொல் துபாஷியிலிருந்து வந்தது என்கிறார்கள். துபாஷி என்றால் இரண்டு மொழி தெரிந்தவன். வெள்ளைக்காரனுக்கும் ஊர்க்காரனுக்கும் நடுவில் நின்று இரண்டு பேரையும் ஏமாற்றியவனாம். அது உண்மையோ, யாராவது கட்டிவிட்டதோ, எனக்குத் தெரியாது. ஏழு வயதில் நியூ ஜெர்சியில் நான் அந்த வேலையைப் பார்த்தேன். அது தெரியும்.

அப்பாவுக்குப் பிடித்த வசவு அது. மேனேஜர் டுபாக்கூர், பக்கத்து ஊர் ஐசலினில் இருந்த நகைக்கடைக்காரர் டுபாக்கூர், உலகமே டுபாக்கூர். அவர் மட்டும் யோக்கியர்.

அம்மாவும் நானும் சென்னையிலிருந்து வந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. பள்ளிக்கூடத்தில் எனக்கு ஆங்கிலம் ஒட்டிக்கொண்டது, அம்மாவுக்கு இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாம்பாரில் உப்பு அதிகம் என்று அப்பா தள்ளியதில் அம்மா அடுப்பு மேடையில் மோதி விழுந்தாள். கை வீங்கிவிட்டது.

கிளினிக்கில், போனில் தமிழ் பேசும் ஆளைப் பிடித்துத் தருகிறோம் என்றார்கள்.

"நோ நீட். மை டாட்டர் வில் ஸ்பீக்" என்றார் அப்பா.

நர்ஸ் அப்பாவை வெளியே உட்காரச் சொல்லிக் கதவைச் சாத்தினாள். யாராவது இப்படிச் செய்தார்களா என்று அம்மாவைக் கேட்கும்படி என்னிடம் சொன்னாள்.

"அம்மா, அப்பாதான் தள்ளினார்னு சொல்லவா?"

அம்மா நர்ஸைப் பார்த்துப் புன்னகை செய்தாள். முகம் மாறாமல் தமிழில் என்னிடம், "வாய மூடு. ஸ்டெப்ஸ்ல விழுந்துட்டேன்னு சொல்லு. சிரிச்சிக்கிட்டே சொல்லுடி" என்றாள்.

சொன்னேன். சிரித்துக்கொண்டே சொன்னேன். ஒரு குழந்தையின் வாயை நம்பி அந்த நர்ஸும் எழுதிக்கொண்டாள்.

போலீஸ் வந்தால் அப்பாவின் வேலை போகும், வேலை போனால் விசா போகும், அப்புறம் எந்த முகத்தோடு சென்னைக்குத் திரும்புவது என்று அம்மா யோசித்திருப்பாள். எனக்கு ஒன்றுதான் உறுத்தியது. மான்மவுத் ஜங்ஷனில் எங்கள் வீடு தரைத்தளம். ஒரு படிகூடக் கிடையாது.

காரில் ஏறியதும் அப்பா, "என்ன கேட்டா அவ?" என்றார்.

"எப்படி விழுந்தாங்கன்னு கேட்டா. அம்மா ஸ்டெப்ஸ்ல விழுந்தேன்னு சொல்லச் சொன்னாங்க. நம்ம வீட்ல ஸ்டெப்ஸே இல்லையே! அம்மா டுபாக்கூர்!"

அப்பா ஸ்டியரிங்கைத் தட்டித் தட்டிச் சிரித்தார். "பாத்தியாடி, உன் பொண்ணே சொல்லிட்டா!"

கட்டுப் போட்ட கையை மடியில் வைத்தபடி அம்மாவும் சிரித்தாள்.

நல்ல ஜோக் போலிருக்கிறது என்று நினைத்து, நான் அதை இன்னும் சத்தமாக இன்னொரு முறை சொன்னேன்.