எந்த மெயின்லேண்டு?

இந்த நினைவு மலரைக் கையில் எடுக்கும் அத்தையின் சொந்தக்காரர்களில் பலர், "இவள் யார்?" என்று கேட்கக்கூடும். நியாயம்தான். நான் அத்தைக்கு ரத்த உறவு இல்லை. ஒரு கைதியின் மகள்.

பாளையங்கோட்டைப் பக்கம் பிறந்த அத்தை, நர்ஸ் வேலைக்காகக் கப்பலேறி அந்தமானின் மாயாபந்தர் ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள். மரம் வெட்டும் கேம்பில் நடந்த அடிதடியில் என் அப்பா போர்ட் பிளேர் சிறைக்குப் போனபோது எனக்கு ஏழு வயது. அம்மா முன்பே தவறிவிட்டார்கள். அத்தை என்னைத் தம் குவார்ட்டர்ஸுக்கு அழைத்துக்கொண்டார்கள். என்னைப் போலவே தங்கள் அப்பாவும் சிறையில் இருந்த வங்காளி அண்ணன் தம்பி இருவரும் பள்ளி விட்டதும் அங்கே வந்துவிடுவார்கள். பேண்டேஜ் துணி சுருட்டிக்கொண்டே நாங்கள் வாய்ப்பாடு சொல்ல வேண்டும். தப்பாகச் சொன்னால் சுருளைப் பிரித்துப் போட்டு, மறுபடி சுருட்டச் சொல்வார்கள். அம்மாடி, அப்படி ஒரு கண்டிப்பு!

அப்பா எங்கே என்று கேட்டால் மட்டும் குரல் இளகிவிடும். "மெயின்லேண்டுக்குப் போயிருக்காவ, வந்திருவாவ." கடலுக்கு அப்பாலுள்ள இந்தியக் கரையைத் தீவில் அப்படிச் சொல்வார்கள் என்பது எனக்கு அப்போது தெரியாது. பள்ளியிலோ, "கைதி கி பேட்டி!", கைதியின் மகளே, என்று இந்தியில் கத்திப் பிள்ளைகள் துரத்துவார்கள். உன் அப்பா ஜெயிலில்தான் என்பார்கள். ஜெயிலின் பெயர்தான் மெயின்லேண்டு என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன்.

ஒரு நாள் ஆஸ்பத்திரி தெர்மாமீட்டரை உடைத்துவிட்டேன். "என் கைதான் தவறிச்சு டாக்டர்" என்று அத்தை பழியை ஏற்றுக்கொண்டார்கள். அடுத்த வாரமே பெட்டி கட்டினார்கள்.

"எங்க அத்தை போறீங்க?"

"மெயின்லேண்டுக்குப் போறேம்ட்டி. ட்ரெய்னிங். ஆறு மாசம்."

சோறு இறங்கவில்லை. ட்ரெய்னிங் என்பது என்ன தண்டனையோ? எல்லாம் என்னால் அல்லவா! கப்பல் நிற்கும் ஜெட்டியில் சங்கு ஊதியதும், அங்கே நின்ற போலீஸ்காரர் காலைக் கட்டிக்கொண்டு கதறினேன். "நான்தான் உடைச்சேன்! அத்தைய விட்டுருங்க, என்னைய மெயின்லேண்டுக்குக் கொண்டு போங்க!"

அத்தைக்கு விளங்கச் சற்று நேரமாயிற்று. விளங்கியதும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்கள்.

"நான் பாவிட்டி. நீ பயப்படக் கூடாதுன்னு பொய் சொன்னேன். உங்க அப்பா போர்ட் பிளேர் ஜெயில்ல இருக்காவ. நான் போறது நெசமான மெயின்லேண்டு. வந்ததும் ஒன்னைய அப்பாட்ட கூட்டிட்டுப் போறேன்."

பக்கத்துக் குவார்ட்டர்ஸில் என்னை விட்டுப் போனார்கள். ஆறு மாதமும், வந்த ஒவ்வொரு கப்பலுக்கும் ஜெட்டியில் நின்றேன். அத்தை வந்தார்கள். சொன்னபடி அப்பாவைக் காட்டினார்கள். அதன்பின் எங்கள் மூவரிடமும் ஒரு பொய் சொன்னதில்லை.

போன வருஷம் அத்தைக்கு வயிற்றில் கட்டி. மெட்ராஸுக்குக் கொண்டு போனாலும் நம்பிக்கை குறைவு என்று டாக்டர் என்னிடம் தனியே சொன்னார். அதே ஜெட்டியில், ஸ்ட்ரெச்சரில் கிடந்தபடி அத்தை கேட்டார்கள்.

"எங்கட்டி கூட்டிட்டுப் போற?"

"மெயின்லேண்டுக்கு அத்தை. சரியாகி வந்திருவீங்க."

என் முகத்தையே பார்த்தார்கள். "எந்த மெயின்லேண்டு?"

நான் போர்வையை இழுத்து அவர்கள் காலை மூடினேன். மெட்ராஸிலிருந்து நான் மட்டும்தான் திரும்பினேன்.

ஸ்ட்ரெச்சரைச் சுமந்த அந்த வங்காளி அண்ணன் தம்பிக்கும், கப்பலில் தங்கள் படுக்கையை விட்டுக்கொடுத்தவர்களுக்கும், மெட்ராஸில் எங்களுக்குச் சோறு போட்ட அத்தையின் தம்பி குடும்பத்தாருக்கும் என் நன்றி. அத்தையிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். அவர்கள் பயப்படக் கூடாதென்று அந்தப் பொய்யைச் சொன்னேன். பயந்தது நான்தான்.