கொழுந்தனிடம் கேட்ட கேள்வி

முடி வெட்டிக்கொள்ள வேண்டாத பெண்கள்கூட எங்கள் ஊரில் வெர்லீன் ப்ரூவிட்டின் பார்லருக்கு வந்து உட்கார்ந்திருப்பார்கள். ஊர்ச் சேதி முதலில் வந்து இறங்கும் இடம் அதுதான். கத்தரிக்கோல் கையில் இருக்கும்வரை வெர்லீனின் வாயை யாரும் அடக்க முடியாது. ஆனால் நாலு பேர் கூடிய இடத்தில் எழுந்து பேசச் சொன்னால் போதும், நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். தேவாலயத்தில் ஓர் அறிவிப்பு வாசிக்கச் சொன்னாலே கணவன் ஹாய்ட்டை முன்னால் தள்ளிவிட்டுப் பின்னால் நிற்பாள்.

அவள் மகள் மரிட்டா பிறந்த வருஷம்தான் ஹாய்ட்டின் தம்பி வெய்லன் மாநிலச் சட்டசபைக்கு முதல்முறை ஜெயித்துப் போனான். போன கையோடு பார்லருக்கு வந்து, வரிசையாக உட்கார்ந்திருந்த பெண்களிடம் புதிய திட்டத்தைப் பற்றிச் சொன்னான். குழந்தையின் கல்லூரிக் கட்டணத்தை இப்போதே தவணையில் கட்டிவிட வேண்டும். பிள்ளை வளர்ந்து கல்லூரிக்குப் போகும்போது கட்டணம் வானத்துக்கு ஏறியிருந்தாலும் திட்டமே கட்டிவிடும்.

"அரசாங்கம் கொடுக்கற வாக்கு. இதுக்கு மேல என்ன வேணும்?" என்றான் வெய்லன்.

முதலில் சேர்ந்தவள் வெர்லீன். அவள் சொல்லி, பார்லரின் வாடிக்கைக்காரி டோனா ஃபே சேர்ந்தாள், தபால் அலுவலகத்து ரீட்டா சேர்ந்தாள், ஆற்றுப் பாலத்துக்கு அந்தப் பக்கத்துக் குடும்பங்கள் எத்தனையோ சேர்ந்தன. தான் வேலை பார்த்த காகித ஆலையில் வேலை குறைந்த மாதங்களில் ஹாய்ட் தன் படகை விற்றானே தவிர, தவணையை விடவில்லை.

மரிட்டா பள்ளியின் கடைசி வகுப்புக்கு வந்தபோது பங்குச் சந்தை சரிந்தது. ஒரு காலைப் பொழுதில் பார்லர்த் தொலைக்காட்சியில் செய்தி வந்தது. திட்டத்தின் நிர்வாகக் குழு பணத்தில் பெரும்பகுதியைப் பங்குகளில் போட்டிருந்தது. பாதி கரைந்துவிட்டது. எல்லாருக்கும் கட்டணம் கிடைக்குமா என்று சொல்ல முடியாதாம். முடி உலர்த்தும் இயந்திரத்துக்குள் தலையை விட்டிருந்த டோனா ஃபேவுக்கு ஒன்றும் கேட்கவில்லை. சுற்றியிருந்தவர்களின் முகத்தைப் பார்த்து, "யாரு செத்தா?" என்று கத்தினாள். யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

அந்த நிர்வாகக் குழுவில் வெய்லனும் ஓர் உறுப்பினன்.

"உன் கொழுந்தன் என்ன சொல்றாரு வெர்லீன்?" என்று நாற்காலியில் வந்து உட்கார்ந்த ஒவ்வொருத்தியும் கேட்டாள். என்னவென்று சொல்வாள்? ஞாயிற்றுக்கிழமை வெய்லன் வழக்கம்போல் சாப்பிட வந்தான். பொரித்த கோழியை அவன் தட்டில் வைத்தபடியே கேட்டுவிட்டாள்.

"அண்ணி, சாப்பிடற எடத்துல அது எதுக்கு?"

"வேற எங்க உன்னைப் பிடிக்கிறது? ஆபீசுக்குப் போன் போட்டா நீ கூட்டத்துல இருக்கியாம். எப்பவும் கூட்டம்தானா?"

வெய்லன் குரலைத் தாழ்த்தினான். "நீங்க கவலைப்படாதீங்க. மரிட்டாவுக்கு ஒண்ணும் ஆகாது. வேற வழியில ஒரு உதவித்தொகை ஏற்பாடு பண்ணிடறேன். வெளிய மட்டும் சொல்லிக்காதீங்க."

வெர்லீன் கையில் இருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். "டோனா ஃபே மகனுக்கு?"

"ஊர்ல இருக்கற எல்லாரையும் நான் எப்படிப் பாக்கறது அண்ணி?"

"ஊர்ல இருக்கற எல்லார்கிட்டயும்தானே ஓட்டுக் கேட்ட!"

ஹாய்ட் தலைகுனிந்து சாப்பிட்டுக்கொண்டே இருந்தான். தம்பி பாதித் தட்டில் எழுந்து போனான். பாத்திரம் கழுவும்போதுதான் ஹாய்ட் வாயைத் திறந்தான். "கேட்டது சரிதான். ஆனா வீட்டுக்குள்ள கேட்டா வீட்டுக்குள்ளயே அமுங்கிடும்."

அந்தச் சொல் அவள் மனதில் தைத்தது.

அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்துக்குத் தேவாலயத்தின் பேருந்தை இரவல் வாங்கிக்கொண்டு பெண்கள் தலைநகருக்குப் போனார்கள். அறை சின்னது. உட்கார இடமில்லை என்றார் வாசலில் நின்ற காவலர். "நிக்கத்தான் வந்தோம்" என்று டோனா ஃபே அவரை விலக்கிக்கொண்டு உள்ளே போனாள். பொதுமக்கள் பேசும் நேரம் வந்ததும் எல்லாரும் வெர்லீனைத்தான் முன்னால் தள்ளினார்கள். அவள் ஒலிபெருக்கிக்கு முன் போய் நின்றாள். எழுதிக்கொண்டு வந்தது ஒன்றும் கண்ணுக்குத் தெரியவில்லை. எதிரே மேசைக்குப் பின்னால் வெய்லன் குனிந்து காகிதத்தைப் புரட்டிக்கொண்டிருந்தான். அதைப் பார்த்ததும் அவளுக்குக் குரல் வந்தது.

"உறுப்பினர் ப்ரூவிட் அவர்களுக்கு ஒரு கேள்வி."

அவளிடமிருந்து அந்த மரியாதையைக் கேட்டதும் வெய்லன் நிமிர்ந்தான்.

"இது அரசாங்கம் கொடுக்கற வாக்குன்னு எங்க கடையில வந்து சொன்னீங்க. இப்போ குழுத் தலைவர், சட்டத்துல அப்படி ஒரு உத்தரவாதமே கிடையாதுன்னு சொல்றார். ரெண்டுல எது நிஜம்?"

தலைவர் ஒலிபெருக்கியைத் தன் பக்கம் இழுத்தார். "அம்மா, அதைச் சட்ட ஆலோசகர்..."

"உங்களைக் கேக்கலைங்க. அவரைத்தான் கேட்டேன்."

வெய்லன் கையிலிருந்த காகிதத்தை மூடி வைத்தான். பிறகு, "நான் அப்படிச் சொன்னது உண்மைதான். சட்டத்துல இல்லங்கறதும் உண்மைதான்" என்றான்.

மறுநாள் மாநிலமெங்கும் பத்திரிகைகளில் அதுதான் செய்தி. மற்ற ஊர்ப் பெற்றோர்களும் பேருந்து பிடித்து வரத் தொடங்கினார்கள். வெய்லன் ஞாயிற்றுக்கிழமை வருவதை நிறுத்திக்கொண்டான். அந்தக் காலியான நாற்காலிக்கு எதிரே வெர்லீன் அப்போதும் ஒரு தட்டு வைப்பாள். சின்ன வயதிலிருந்து அவள் கையால் சாப்பிட்டவன். ஆனாலும் ஒரு கூட்டத்தையும் அவள் தவறவிடவில்லை.

வசந்தம் தொடங்கிய ஒரு முற்பகலில், கூட்டம் நிரம்பியிருந்த பார்லருக்குள் வெய்லன் நுழைந்தான். நேராகப் போய் நடு நாற்காலியில் உட்கார்ந்தான்.

"முடி வெட்டுங்க அண்ணி."

"ஆம்பளைங்களுக்கு இங்க வெட்டறதில்ல."

"எனக்கு நீங்கதானே முதல்ல வெட்டினது?"

வெர்லீன் அவன் கழுத்தில் துணியைக் கட்டி, ஒரு பக்கத்தை ஒட்ட வெட்டினாள். பிறகு கத்தரிக்கோலை மேசைமேல் வைத்துவிட்டுத் திரும்பினாள். "டோனா ஃபே, இவர்கிட்ட என்னவோ கேக்கணும்னியே, கேளு."

பார்லர் கொல்லென்று சிரித்தது. பாதித் தலையோடு எழுந்து ஓட முடியுமா? வெய்லனும் சிரித்துவிட்டான். ஆனால் கேள்விகள் சிரிப்பாக இல்லை. பணத்தைப் பங்குகளில் போடும்போது கையைத் தூக்கினாயா என்று ரீட்டா கேட்டாள்.

"தூக்கினேன். விவரம் முழுசாப் புரியல. புரியலன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு."

"எங்க பிள்ளைங்க படிப்ப விடவா பெருசு உன் வெக்கம்?" என்றாள் டோனா ஃபே.

"இல்ல" என்றான் வெய்லன். "அதச் சொல்லத்தான் வந்தேன். பணத்தை ஈடுகட்ட ஒரு மசோதா கொண்டு வரப்போறேன். கட்சி எதிர்த்தாலும் கொண்டு வருவேன்."

வெர்லீன் கத்தரிக்கோலை எடுத்து மறு பக்கத்தையும் சீராக வெட்டி முடித்தாள். அவன் கூலியை நீட்டியபோது வாங்கிக்கொண்டாள்.

மசோதா இழுபறியில் கிடந்து ஒருவழியாக நிறைவேறியது. கேட்டதெல்லாம் கிடைக்கவில்லை. அந்த வருஷத்துக் கட்டணம் எவ்வளவோ அதுவரை மாநிலம் கொடுக்கும், இனி ஏறுவதைக் குடும்பம் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று முடிவானது. தலைவர் பதவி விலகினார். நிர்வாகக் குழுவில் பெற்றோருக்கு ஓர் இடம் ஒதுக்கி, அதில் வெர்லீனையே உட்கார வைத்தார்கள். தேர்தலில் வெய்லன் மயிரிழையில் தப்பித்தான். "நான் உனக்குப் போடல" என்று டோனா ஃபே அவன் முகத்துக்கு நேராகவே சொன்னாள்.

கோடை முடிந்து மரிட்டாவை வனவியல் படிக்கக் கல்லூரி விடுதியில் கொண்டுபோய் விட்டார்கள். அவள் அறை மூன்றாவது மாடி. ஹாய்ட்டும் வெய்லனும் ஒரு சின்னக் குளிர்பதனப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, படிக்குப் படி சண்டை போட்டபடி ஏறினார்கள். மரிட்டா அவர்கள் யாரோ தெரியாதவர்கள் என்பதுபோல் பத்தடி தள்ளியே நடந்தாள். பிறகு அம்மாவைக் கட்டிக்கொண்டு, "கூட்டத்துல பேசற மாதிரி என் வார்டன்கிட்டப் பேசிடாதம்மா" என்று காதில் சொன்னாள்.

திரும்பும் வழியில் வெர்லீன் வண்டியின் ஜன்னலோரம் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தாள். உடம்பெல்லாம் அசதி. மனசு லேசாக இருந்தது. ஆற்றோரக் கடை வந்ததும் வெய்லன் வண்டியை ஒடித்துத் திருப்பினான். மூன்று பேரும் பொரித்த மீனும் இனிப்பு டீயுமாக வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு ஊர் வந்து சேர்ந்தார்கள்.