அட்டையில் தெரிந்த ஜன்னல்

பேய், ஆவி என்று யாராவது பேச்சை ஆரம்பித்தால் எழுந்து போய்க் காபி கலக்கிறவள் நான். என் அம்மா வீட்டுப் பக்கம் ஆளுக்கொரு பேய்க்கதை வைத்திருப்பார்கள், எனக்கு மட்டும் ஒன்றும் கிடையாது, அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு. இப்போது உங்கள் உதட்டோரத்தில் ஒரு சிரிப்பு வருகிறதே, அதே சிரிப்பை நானும் நிறையப் பேரைப் பார்த்துச் சிரித்திருக்கிறேன். பரவாயில்லை. நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுகிறேன்.

இரண்டாயிரத்து மூன்றோ நாலோ, சரியாக நினைவில்லை. லேக் கார்டன்ஸில் இரண்டாவது மாடியில் குடியிருந்தோம். அப்பா துறைமுகத்தில் வேலை பார்த்ததால் நான் பிறந்து வளர்ந்ததே கல்கத்தாவில்தான். என் கணவர் ஸ்ரீதர் கும்பகோணத்துக்காரர், வங்கியில் மாற்றலாகி வந்தவர். நான் சால்ட் லேக்கில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனிக்குப் போய்வந்துகொண்டிருந்தேன். கீழ்வீட்டில் ஒரு வங்காளித் தம்பதி இருந்தார்கள். அந்த அம்மாளை மாஷிமா என்றுதான் கூப்பிடுவேன், பெரியம்மா சித்தி என்று நாம் கூப்பிடுகிற மாதிரி. நாங்கள் வங்காளத்தில்தான் பேசிக்கொள்வோம், உங்களுக்காகத் தமிழில் சொல்கிறேன்.

அவர்களுக்கு ஒரே பையன், பாபுன். என்னை ஜெயாதி, ஜெயாதி என்று, அதாவது ஜெயா அக்கா என்று, சுற்றிவந்தவன். காலேஜில் பெயிலாகி ஒரு வருடம் போய்விட்டது, அப்பாவுக்கும் பிள்ளைக்கும் பெரிய சண்டை. "இந்த அட்டையெல்லாம் ஏரியில கொண்டுபோய்க் கொட்டு, அப்பதான் உனக்குப் புத்தி வரும்" என்று அவர் கத்தியது எங்கள் வீடுவரை கேட்டது. மறுநாள் பையன் இல்லை. ஒரு தோள்பையோடு போனவன் கடிதம் போடவில்லை, போன் செய்யவில்லை. போலீஸ், பத்திரிகை, சொந்தக்காரர்கள் வீடு, எல்லாம் தேடிப் பார்த்துவிட்டார்கள். வருடங்கள் ஓடிவிட்டன. அந்த மனிதர் அதன்பிறகு வாயைத் திறந்து உரக்கப் பேசி நான் கேட்டதே இல்லை.

அட்டை என்றேனே, கிரிக்கெட் வீரர்கள் படம் போட்ட அட்டைகள். பபிள்கம்மோடு கிடைத்தவையும் உண்டு, லண்டனில் இருந்த மாமா அனுப்பியவையும் உண்டு. மாமா அனுப்பியவை எல்லாம் பளபளா ரகம். மேலே வெள்ளிப் பூச்சு, கொஞ்சம் சாய்த்தால் வானவில் ஓடும். ஒரு பிஸ்கட் டப்பா நிறைய வைத்திருந்தான். ஏரிக்குப் போகவேண்டிய அந்த டப்பாவை மாஷிமா பூஜை அலமாரியில் வைத்துக் காப்பாற்றிக்கொண்டிருந்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை டப்பாவோடு மேலே வந்தார்.

"ஜெயா, கம்ப்யூட்டர்ல படம் போட்டா உலகத்துல எங்க இருந்தாலும் பார்க்கலாமாமே?"

"பார்க்கலாம் மாஷிமா."

"அப்ப இதையெல்லாம் போட்டுக் குடு. அட்டை சேர்க்கிறவங்களுக்குன்னே ஒரு இடம் இருக்காம். கடியாஹாட்ல சைபர் கஃபே போய் அதைத்தான் பார்த்துக்கிட்டே இருப்பான். சோறு தண்ணி இல்லாம இருந்தாலும் அதைப் பார்க்காம இருக்க மாட்டான்."

அந்த முகத்தைப் பார்த்து முடியாது என்று யார் சொல்வார்கள்?

எங்கள் வீட்டில் ஸ்கேனர் இருந்தது. அட்டைகளைக் கண்ணாடிமேல் கவிழ்த்து, மூடியை மூடி, ஒவ்வொன்றாக எடுத்தேன். பபிள்கம் அட்டைகள் அச்சாக வந்தன. பளபளா அட்டைகள் வந்த லட்சணத்தைக் கேட்காதீர்கள். வெள்ளி இருந்த இடமெல்லாம் கரி. ஸ்கேனர் விளக்கு சாய்வாக அடிக்கும், அந்தப் பூச்சு வெளிச்சத்தை வேறு பக்கம் தள்ளிவிடும், ஸ்கேனரின் கண்ணுக்கு ஒன்றும் திரும்பி வராது, அதனால் கறுப்பு. இதையெல்லாம் மாஷிமாவுக்கு விளக்கினேன். அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது கரிக்கட்டை. பாபுன் பார்த்தா இது என்னோடது இல்லைன்னு போயிடுவான். மின்னணும், ஜெயா."

சரி, கேமராவில் எடுப்போம் என்று முடிவுசெய்தேன். அப்போதுதான் ஸ்ரீதர் ஒரு டிஜிட்டல் கேமரா வாங்கியிருந்தார். அதில் வேறு தொல்லை. அட்டை மின்னுகிறது, ஆனால் என் மூக்கும் கேமராவும் மின்விசிறியும் அதற்குள் உட்கார்ந்திருக்கின்றன. ஆபீசில் ஒரு பையனிடம் கேட்டேன். ஜன்னலோரம் தரையில் வைத்து, பக்கவாட்டு வெளிச்சத்தில், கறுப்புத் துணியில் ஓட்டை போட்டு அதன் வழியாக எடுக்கச் சொன்னான். அட்டைக்கு நேர் எதிரே கறுப்பு மட்டும்தான் இருக்கும், அதனால் எந்தப் பிம்பமும் விழாது. கறுப்புத் துணிக்கு எங்கே போவது என்று யோசிப்பதற்குள் மாஷிமா கீழே போய்த் தன் கறுப்புச் சால்வையைக் கொண்டுவந்தார், நல்ல கம்பளிச் சால்வை, நான் தடுப்பதற்குள் கத்திரியால் நடுவில் வட்டமாக வெட்டிவிட்டார்.

மத்தியான வெயில் ஜன்னலில். மாஷிமா சால்வையை இரண்டு கையாலும் விரித்துப் பிடிக்க, நான் ஓட்டை வழியாக எடுத்துக்கொண்டே போனேன். அத்தனையும் அழகாக வந்தன, வானவில்லோடு. கடைசியாக அவனுக்கு உயிரான அட்டை. பந்துவீச்சாளர் ஒருவர் அந்தரத்தில் எழும்பி நிற்கும் படம், பின்னால் முழுக்கக் கண்ணாடி மாதிரி வெள்ளி. எடுத்துவிட்டுக் கேமராவின் சின்னத் திரையில் பார்த்தேன். வெள்ளிக்குள் பச்சையாக ஏதோ தெரிந்தது.

என் புடவை என்று நினைத்தேன். நான் கட்டியிருந்தது மஞ்சள். மறுபடி எடுத்தேன், பச்சை. அட்டையைத் திருப்பி வைத்தேன், இடத்தை மாற்றினேன், மாஷிமாவைச் சால்வையை இன்னும் தாழ்த்திப் பிடிக்கச் சொன்னேன், எத்தனை தடவை எடுத்தாலும் அதே பச்சை. அட்டையைக் கையில் எடுத்து வெறுங்கண்ணால் பார்த்தால் எங்கள் வெள்ளைச் சுவர்தான் தெரிகிறது, என் முகம்தான் தெரிகிறது. வேடிக்கையாக இருக்கிறதே என்று படத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றித் திறந்தேன்.

நம்பினால் நம்புங்கள், அது ஒரு சுவர். பாசிப்பச்சை வர்ணம் அடித்த சுவர். அதில் ஒரு ஜன்னல். ஜன்னலில் ஒரு பக்கக் கதவு இல்லை, அந்த இடத்தில் ஒரு சாக்கு ஆணியடிக்கப்பட்டிருந்தது. எங்கள் வீட்டில் அப்படி ஜன்னல் கிடையாது, எதிர்வீட்டில் கிடையாது, எங்கள் தெருவிலேயே கிடையாது. ஆனால் அப்போதும் பேய் என்று தோன்றவில்லை, கேமராவில் ஏதோ கோளாறு, கடைக்காரர் பழைய படம் எதையோ உள்ளே விட்டிருக்கிறார் என்றுதான் நினைத்தேன்.

ஸ்ரீதர் வந்து பார்த்தார். அதே அட்டையை ஸ்கேன் செய்த படத்தையும் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டார். அதில் வழக்கமான கரிதான்.

"இதுல ஒண்ணும் இல்லையே. ஸ்கேனர்தான் நெஜம் சொல்றது. கேமரா எதையோ சேர்த்து எடுத்துண்டிருக்கு. இதைப் போய்ப் பெரிசு பண்ணிண்டிருக்கே."

"எதைச் சேர்த்து எடுக்கும்? எதிர்ல சால்வைதானே இருந்தது?"

அவர் டிபன் கேட்டார்.

அந்த ஒரு படத்தை விட்டுவிடலாமா என்று மாஷிமாவிடம் கேட்டேன். அவர் ரொம்ப நேரம் பார்த்தார். "யாரோட வீடு இது, ஜெயா?" என்றார். தெரியாது என்றேன். "இருந்துட்டுப் போகட்டும். மின்னுது இல்ல? போடு." எல்லாவற்றையும் அட்டை சேர்ப்பவர்களின் அந்த இணையதளத்தில் ஏற்றி, அவர் சொன்னபடி மேலே 'பாபுனின் அட்டைகள்' என்று மட்டும் எழுதினேன்.

பிறகு பல நாள் ஒன்றுமில்லை. மாஷிமா தினமும் மாடிப்படியில் என் முகத்தைப் பார்ப்பார், நான் இல்லை என்று தலையசைப்பேன், அவர் உள்ளே போய்விடுவார். அந்தப் படியில் ஏறுவதே எனக்குச் சங்கடமாகிவிட்டது. எதற்கு இந்த ஆசையைக் கிளப்பிவிட்டோம் என்றுகூட நொந்துகொண்டேன்.

ஒருநாள் காலை, நான் ஆபீசுக்குக் கிளம்பிக்கொண்டிருக்கிறேன், கீழே மாஷிமா அலறும் சத்தம். ஓடினேன். டெலிபோனைக் காதோடு அழுத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் ரிசீவரை நீட்டினார்.

"உன்னைக் கேக்கறான். என்னென்னமோ சொல்றான், எனக்குப் புரியலை."

பாபுன்தான். குரல் தேய்ந்து, கிழவன் குரல் மாதிரி. ஆனால் அவன் கேட்ட கேள்வி இன்றைக்கும் என் காதில் இருக்கிறது.

"ஜெயாதி, என் ரூமுக்கு யார் வந்தாங்க?"

"என்னடா?"

"அந்த அட்டை படத்துல இருக்கிறது என் ரூம். அந்தச் சாக்கை ஆணியடிச்சதே நான்தான். யாருக்கும் என் அட்ரஸ் தெரியாதே. யார் வந்து எடுத்தாங்க?"

விசாகப்பட்டினத்தில் ஒரு பிரௌசிங் சென்டரில் வேலையாக இருந்தானாம். கல்கத்தாவுக்கு எத்தனையோ தூரம். நான் விசாகப்பட்டினத்தை ரயில் ஜன்னல் வழியாகப் பார்த்ததோடு சரி. யாரும் வரவில்லை என்று சொன்னேன். மாஷிமா ரிசீவரைப் பிடுங்கி, "அதெல்லாம் அப்புறம், நீ சாப்பிட்டியா?" என்று ஆரம்பித்தார். அதுவரை வாசற்படியில் நின்றுகொண்டிருந்த அவன் அப்பா மெதுவாக வந்து, "நான் வந்து கூட்டிட்டு வரேன்னு சொல்லு" என்றார். சொல்லிவிட்டு அங்கேயே சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

சொன்னபடியே அவர்தான் போய் அழைத்துவந்தார். ஹௌராவிலிருந்து டாக்ஸியில் வந்து இறங்கியபோது பையனை அடையாளமே தெரியவில்லை. மஞ்சள்காமாலை, அதோடு விடாத ஜுரம். அங்கே கொஞ்சம் நடமாட முடிந்தபிறகு, முதல் காரியமாக வேலைக்குப் போய் அந்தத் தளத்தைத்தான் திறந்திருக்கிறான். இன்னும் கொஞ்சநாள் அங்கேயே கவனிப்பார் இல்லாமல் கிடந்திருந்தால் பிழைத்திருப்பது கஷ்டம் என்று எங்கள் டாக்டர் சொன்னார். மாஷிமா அவனை விட்டு நகரவில்லை. அப்பாவும் பிள்ளையும் டெலிவிஷனில் ஒரே சோபாவில் உட்கார்ந்து கிரிக்கெட் பார்ப்பதை ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, சத்தமில்லாமல் மாடிப்படி ஏறினேன்.

இத்தோடு முடிந்திருந்தால் நானே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டிருப்பேன். தாயின் தவிப்பு, தற்செயல், பச்சைச் சுவர் எந்த ஊரில்தான் இல்லை, இப்படி ஏதாவது.

உடம்பு தேறியதும் பாபுன் ஒருநாள் மேலே வந்தான். மாஷிமா கீழே லூச்சி, அவர்கள் ஊர்ப் பூரி, பொரித்துக்கொண்டிருந்த வாசனை வந்துகொண்டிருந்தது. அசல் படத்தைக் காட்டச் சொன்னான். திறந்தேன். தளத்தில் போட்டது சின்னப் படம், இது பெரியது. அவன் பெரிதாக்கிக்கொண்டே போனான். சுவருக்குக் கீழே, பந்துவீச்சாளரின் காலுக்கும் ஓரத்துக்கும் நடுவில், அதுவரை நான் கவனிக்காத ஒரு கட்டில் இருந்தது. கட்டிலடியில் ரப்பர் செருப்பு.

"என் செருப்பு" என்றான். பிறகு படத்தின் மூலையில் கேமரா பதித்திருந்த தேதியைப் பார்த்தான். அவன் முகம் மாறியது.

"ஜெயாதி, அன்னிக்கு எனக்கு ஜுரம் உச்சத்துல இருந்தது. கண்ணைத் திறக்க முடியலை. பக்கத்து ரூம்காரன் டாக்டரைக் கூட்டிட்டு வந்தான். வீட்டுக்குத் தகவல் சொல்லிடுங்கன்னு டாக்டர் சொன்னாராம். பகல் பூரா நான் அந்தக் கட்டில்லதான் படுத்திருந்தேன்."

நான் மறுபடி பார்த்தேன். கட்டிலில் யாரும் இல்லை. மெத்தை தலைமாட்டில் சுருட்டி வைக்கப்பட்டு, கிழிந்த வெள்ளைத் துணியால் கட்டப்பட்டிருந்தது. செத்தவர் கட்டிலில் மெத்தையைச் சுருட்டிக் கட்டி வைப்பார்களே, அப்படி.

"ஊருக்குக் கிளம்பறப்ப சுருட்டி வச்சியோ என்னமோ" என்றேன், என்ன சொல்கிறோம் என்று தெரியாமல்.

"இல்லை. விரிச்சது விரிச்சபடிதான் விட்டுட்டு வந்தேன். பக்கத்து ரூம்காரன் அதுல இப்ப படுக்கிறான். அந்த மெத்தையை நான் இருந்தவரைக்கும் யாரும் சுருட்டினதே இல்லை."

கீழேயிருந்து மாஷிமா சாப்பிடக் கூப்பிட்டார். "வரேன் மா" என்று குரல் கொடுத்துவிட்டு, கதவருகில் நின்று திரும்பி, "மாகிட்ட கட்டிலைப் பத்திச் சொல்லாதீங்க" என்றான்.

நான் சொல்லவில்லை. படம் இன்னும் என்னிடம் இருக்கிறது. எப்போதாவது திறப்பேன், பச்சைச் சுவரைப் பார்ப்பேன், ஜன்னலைப் பார்ப்பேன். அதற்குக் கீழே போகமாட்டேன். அந்த வெள்ளைத் துணியை முடிச்சுப் போட்டது யார் கை என்று நினைக்க ஆரம்பித்தால், பட்டப்பகலிலும் எழுந்துபோய் விளக்கைப் போடவேண்டியிருக்கிறது.