பச்சைத்தோல் குடோனில் என் மூன்று ஹார்ட் டிஸ்க்குகள்

ஆம்பூரில் ஒரு பொருளை அரசாங்கத்தின் கண்ணில் படாமல் ஒளித்துவைக்கப் பச்சைத்தோல் குடோனைவிட நல்ல இடம் கிடையாது என்று ஒரு காலத்தில் மனப்பூர்வமாக நம்பியவன் நான். உப்பு தடவிய ஆட்டுத்தோல் ஆளுயரத்துக்கு அடுக்கியிருக்கும். அந்த வாடையிலேயே பிறந்து வளர்ந்த எங்களுக்கே உள்ளே போனால் கண் எரியும். வெளியூரிலிருந்து மாற்றலாகி வந்த அதிகாரி கைக்குட்டையை மூக்கில் வைத்தபடி வாசலோடு திரும்பிவிடுவார். இது என் கணக்கு. பயந்தவன் போடும் கணக்கு எப்போதும் ரொம்பத் தெளிவாக இருக்கும்.

கோர்ட்டை ஒட்டிய சந்தில் எனக்கு ஒரு டைப்பிங் கடை. தொண்ணூறுகளில் இரண்டு டைப்ரைட்டரோடு ஆரம்பித்தது, இரண்டாயிரம் தாண்டியபோது மூன்று கம்ப்யூட்டராகியிருந்தது. மூன்றிலும் இருந்தது ஒரே விண்டோஸ். சென்னையில் ஒரு மாடிப்படியின் அடியில் வாங்கிய சிடி, மேலே மார்க்கர் பேனாவில் எழுதியது. அந்த ஒரே சிடியைச் சந்திலிருந்த எல்லாக் கடைக்கும் நான்தான் ஏற்றிக் கொடுத்தேன். வக்கீல்களுக்கும் நான்தான். இது சட்டப்படி என்ன ஆகும் என்று ஒரு வக்கீலிடம் ஒருமுறை கேட்டேன். "மூணு வருஷம் வரைக்கும் உள்ள போடலாம்ப்பா" என்றார், நான் ஏற்றிக்கொடுத்த விண்டோஸில் மனு அடித்தபடியே.

சட்டத்தைப் பற்றிய என் மரியாதை இப்படி இருந்ததென்றால் அரசியலைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். தேர்தல் வந்தால் இரண்டு கட்சிக்கும் நோட்டீஸ் அடித்துக் கொடுப்பேன். என்னிடம் இருந்தது ஒரே ஃபைல். தலைவர் பெயரையும் கொடியின் நிறத்தையும் மாற்றினால் போதும். வாக்குறுதிகளைத் தொடவே வேண்டியதில்லை. ஒரு தடவை நிறத்தை மாற்றிப் பெயரை மாற்ற மறந்துவிட்டேன். அரை நாள் வரை யாருமே கவனிக்கவில்லை.

ஒரு நாள் காலை பதினொரு மணி இருக்கும். சந்து முனையில் ஒரு அரசு ஜீப் வந்து நின்றது. நான்கு அதிகாரிகள். அதில் ஒருவர் டீக்கடையில் கேட்டாராம்: "இங்க கம்ப்யூட்டர் கடை எங்கப்பா இருக்கு?"

அவ்வளவுதான். அந்தக் கேள்வி டீக்கடையிலிருந்து என் கடைக்கு வருவதற்குள் ரெய்டு ஆகிவிட்டது. பக்கத்துக் கடையில் ஷட்டர் இறங்கும் சத்தம், அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. நான் கட்சியின் வட்டச் செயலாளருக்கு போன் போட்டேன். என்னிடம் நோட்டீஸ் அடிப்பவர், உரிமையோடு கேட்கலாம்.

"ரெய்டு வந்துகிதுண்ணா."

"பயப்படாத. நான் பாத்துக்கறேன்" என்றார். அதற்குப் பிறகு அவர் போன் சாயங்காலம் வரை அணைந்திருந்தது.

ஸ்க்ரூ டிரைவர் மூன்று முறை கீழே விழுந்தது. கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு ஓட முடியாது. ஆனால் குற்றம் முழுக்க ஹார்ட் டிஸ்க்கில்தானே இருக்கிறது? மூன்றையும் கழற்றினேன். மேஜைமேல் கைக்கு அகப்பட்ட காகிதத்தில் ஒவ்வொன்றையும் பொட்டலம் கட்டினேன். மார்க்கர் சிடியையும் சேர்த்து மஞ்சள் பையில் போட்டு, மொபெட்டை எடுத்து, பள்ளிக்கூட நாளிலிருந்து என் தோஸ்தான தோல் வியாபாரியின் குடோனுக்குப் பறந்தேன்.

அவர் பையை முகர்ந்து பார்த்தார். தோல்காரர் எதையும் முகர்ந்துதான் பார்ப்பார்.

"இன்னாடா இது?"

"எதுவும் கேக்காத பாய். ஒரு நாள் மட்டும் இங்க இருக்கட்டும்."

"துப்பாக்கியா?"

"விண்டோஸ்."

"அடச்சே, இதுக்கா இந்தப் பேஜாரு! மூஞ்சப் பாத்து எவனையோ வெட்டிட்டு வந்துட்டேன்னு நெனச்சேன்." பையை வாங்கி மூன்றாவது அடுக்கின் நடுவே, இரண்டு தோலுக்கு இடையில் செருகினார். "எந்த ஆபீசரும் இங்க கை வைக்க மாட்டான். நீ போய் டீ குடி."

நான் டீ குடித்தேன். ஒரு மணி நேரம் கழித்து அவரே போன் செய்தார். குரலில் சிரிப்பா அழுகையா என்று தெரியவில்லை.

"தோஸ்த், உன் ஜீப்பு எங்க வந்துச்சு தெரியுமா?"

ஜீப் அவர் குடோனுக்குத்தான் வந்திருந்தது. பின்கட்டில் அவர் அனுமதியில்லாமல் இரண்டு டிரம் ஓட்டித் தோலை ஊறவைத்து, தண்ணீரை ஓடையில் விட்டுக்கொண்டிருந்தார். எனக்கே அது தெரியாது. வந்தவர்கள் மாசுக் கட்டுப்பாட்டு அதிகாரிகள். கதவைப் பூட்டி அரக்கு வைத்து சீல் அடித்துவிட்டார்கள். சீல் நோட்டீஸை அடித்து எடுத்துப் போகத்தான் காலையில் கம்ப்யூட்டர் கடை தேடியிருக்கிறார்கள்.

"கடைக்காரன் எல்லாம் ஷட்டர இறக்கிட்டு ஓடிட்டானுங்களாம். கையால எழுதினு வந்தாங்க. எழுத்து நல்லாத்தான் இருக்குது" என்றார்.

எனக்கு வந்த நிம்மதியைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. நண்பரின் குடோன் போனது. எனக்கோ ரெய்டு இல்லை! கடைக்குத் திரும்பி விசிலடித்தபடி ஷட்டரைத் தூக்கினேன். வாசலில், வாக்குமூலம் அடிக்கக் கொடுத்திருந்த அம்மா நின்றிருந்தார்.

அவர் ஷூ கம்பெனியில் மேல்தோல் தைக்கும் மிஷினில் பதினோரு வருடம் இருந்தவர். ஒரு நாள் கேட்டில் நிறுத்திவிட்டார்கள். கம்பெனி கோர்ட்டில் சொன்னது: நாங்கள் நிறுத்தவில்லை, அவரே வேலையை விட்டுப் போய்விட்டார். வேலூர் லேபர் கோர்ட்டில் வழக்கு நடந்துகொண்டிருந்தது. அவருடைய சாட்சி வாக்குமூலத்தை மறுநாள் காலை தாக்கல் செய்ய வேண்டும். இரண்டு வாய்தா ஏற்கெனவே போய்விட்டது. இது கடைசி வாய்ப்பு, அன்றைக்கும் தாக்கல் செய்யாவிட்டால் சாட்சியம் முடிந்ததாக எழுதிவிடுவேன் என்று நீதிபதி சொல்லியிருந்தார். அப்படி எழுதினால் அவர் வேலை அதோடு போயிற்று.

அவருடைய வக்கீல் கையால் எழுதிக்கொடுத்த பதினான்கு பக்கத்தை நான் முந்தின நாளே அடித்து முடித்திருந்தேன். பிரிண்ட் எடுப்பது மட்டும் பாக்கி. அடித்தது ஹார்ட் டிஸ்க்கில் இருந்தது. கைப்பிரதி, அதுதான் மேஜைமேல் கைக்கு அகப்பட்ட காகிதம். ஹார்ட் டிஸ்க்கை அதில்தான் பொட்டலம் கட்டியிருந்தேன்.

"இன்னாண்ணா, பிரிண்ட் ரெடியா?"

நான் உட்கார்ந்தேன். பிறகு எழுந்தேன். விசிறியை நிறுத்தி மறுபடி போட்டேன். எதையாவது செய்துகொண்டிருந்தால் பதில் சொல்வதைத் தள்ளிப்போடலாம் அல்லவா? கடைசியில் சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் கத்தவில்லை. "தோலுக்குள்ளயா?" என்று மட்டும் கேட்டார். வக்கீலுக்கு போன் போட்டோம். அவர் சென்னையில் ஹைகோர்ட்டில் இருந்தார், நாளைக் காலை நேராக வேலூர் கோர்ட்டுக்கு வந்துவிடுவார், வாக்குமூலம் கையில் இருக்க வேண்டும் என்று அவருடைய குமாஸ்தா சொன்னார். மற்ற கடைகளோ ரெய்டு பயம் தெளியாமல் இன்னும் மூடியே கிடந்தன.

அப்போதுதான் லினக்ஸ் வாத்தியார் வந்தார். கல்லூரியில் கணக்குப் பாடம் நடத்துபவர். வாரம் ஒருமுறை என் கடைக்கு வந்து, எங்கள் ஊரில் வீடு வீடாக நற்செய்தித் தாள் கொடுப்பவர்களைப்போல, விண்டோஸுக்குப் பதிலாகப் போட்டுக்கொள்ள ஒரு லினக்ஸ் சிடியைக் கொடுத்துவிட்டுப் போவார். "இது கட்டற்ற மென்பொருள் பிரதர். யாருக்கும் அடிமை இல்ல." நான் அவரை ஓட்டாத நாள் இல்லை. இலவசமாகக் கொடுத்தால் பின்னாலேயே ஓட்டுக் கேட்டு வருவார்கள் என்பேன். அவர் கொடுத்த சிடிகளைச் சணலில் கட்டி வாசலில் காக்கை விரட்டத் தொங்கவிட்டிருந்தேன்.

"ஹார்ட் டிஸ்க் இல்லாமலே இது ஓடும் பிரதர்" என்றார், நடந்ததைக் கேட்டதும்.

"கடையில டிஸ்க்கே இல்ல சார்."

"அதான் சொல்றேன். சிடியிலருந்தே ஓடும்."

சணலிலிருந்து ஒன்றை அவிழ்த்தோம். காக்கை எச்சத்தைத் துடைத்தோம். என் கம்ப்யூட்டர் உறுமி, யோசித்து, லினக்ஸின் சின்னமான ஒரு பெங்குவினைக் காட்டியது. ஐந்து நிமிடத்தில் திரை வந்தது. ஆங்கிலத்தில் ஏதோ உரிமப் பத்திரம். வாத்தியார் தள்ளிவிடப் போனார், நான் தடுத்துப் படித்தேன். எந்த உத்தரவாதமும் கிடையாது, கெட்டுப்போனால் உன் பாடு என்று எழுதியிருந்தது. இவ்வளவு நேர்மையான தேர்தல் அறிக்கையை நான் அடித்ததே இல்லை.

தமிழில் அடித்தால் கட்டம் கட்டமாக வந்தது. சரி, ஆங்கிலத்திலேயே அடிப்போம், தமிழில் படித்துக்காட்டப்பட்டது என்று கடைசியில் ஒரு வரி சேர்ப்போம் என்றேன். ஆனால் எதை அடிப்பது? வக்கீல் எழுதியதில் எனக்கு நினைவிருந்தது இரண்டு வரி: மனுதாரர் பணிபுரிய எப்போதும் தயாராகவும் விருப்பமாகவும் இருந்தார். மீதியெல்லாம் சட்டப் பிரிவு எண்கள்.

"நீயே சொல்லும்மா. நடந்தத அப்படியே சொல்லு, நான் அடிக்கிறேன்."

"கோர்ட்டு பாஷை எனக்கு வராதுண்ணா."

"அத நான் போட்டுக்கறேன்."

அவர் சொல்ல ஆரம்பித்தார். கேட்டில் வாட்ச்மேன் பேர் இல்லை என்றது. நாளைக்கு வா என்றது. மூன்று நாள் டிபன் பாக்ஸோடு கேட்டுக்கு வெளியே நின்றது. "மூணாம் நாளு வாட்ச்மேன் என் குஷனக் கொண்டாந்து குடுத்தாரு."

"இன்னா குஷன்?"

"ஸ்டூலு மேல போட்டுக்கறது. நானே தெச்சது, வேஸ்ட் தோல்ல. பதினோரு வருஷம் அதுமேலதான் உக்காந்தேன். சூப்பர்வைசர் குடுத்து அனுப்பினாராம், எட்த்துனு போன்னு."

நான் அடிப்பதை நிறுத்தினேன். வாத்தியாரும் திரும்பினார்.

"இத உங்க வக்கீல் எழுதலியே?"

"அவரு கேக்கலியே."

தானாக வேலையை விட்டுப் போனவளுக்கு எதற்குக் குஷனைக் கொடுத்து அனுப்ப வேண்டும்? பதினைந்து வருடம் வக்கீல்களுக்கு டைப் அடித்த என் மண்டைக்கே அது உறைத்தது. 'மேற்படி குஷன்' என்று ஆங்கிலத்தில் போட்டேன். சட்டத்தில் மேற்படி சேர்த்தால் எதற்கும் ஒரு கெத்து வந்துவிடும். ஆறு பக்கத்தில் முடிந்தது. தமிழில் அவருக்குப் படித்துக் காட்டினேன். ஒரு இடத்தில் மட்டும் திருத்தினார்: "நின்னேன்னு போட்டுக்கிறீங்க. முதல் நாளு நின்னேன். ரெண்டாம் நாளு கால் வலில உக்காந்தேன்." மாற்றினேன்.

பிரிண்ட் கொடுத்தேன். பிரிண்டர் அசையவில்லை. வாத்தியார் எதையெதையோ தட்டினார்.

"பிரிண்டர் கம்பெனிக்காரங்க நமக்கு விவரம் தர்றதில்ல பிரதர். தப்பு அவங்க மேல."

"எந்தக் கட்சியக் கேட்டாலும் எதிர்க்கட்சி மேலதான் சார் தப்பு!" மணி ஐந்தரை.

அவர் கழுத்தில் தாயத்துபோல ஒரு பென் டிரைவ் தொங்கும். அதில் ஏற்றிக் கொடுத்தார். பக்கத்துக் கடை ஷட்டரை நான் தட்டினேன். முழங்கால் அளவுக்குத் தூக்கி ஒரு கண் பார்த்தது.

"ரெய்டு போய்ட்டானா?"

"அது நமக்கு வந்த ரெய்டே இல்லப்பா. தெற!"

உள்ளே குனிந்து போனோம். அவருடைய விண்டோஸில், அதாவது என் விண்டோஸில், ஃபைல் திறக்கவில்லை. வெறும் குப்பை எழுத்து. வாத்தியார் முகம் மாறியது.

"எந்தக் கம்பெனிக்கும் சொந்தமில்லாத திறந்த வடிவத்துல சேவ் பண்ணியிருக்கேன். அதான் சரியான முறை பிரதர்."

"இங்க தெறக்க மாட்டேங்குதே சார் அந்தத் தெறந்த வடிவம்."

"நான் பத்து வருஷமா விண்டோஸ்காரங்க வடிவத்துல ஒரு ஃபைல்கூட சேவ் பண்ணதில்ல. அது ஒரு கொள்கை."

அந்த அம்மா ஷட்டருக்கு வெளியே குனிந்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு வடிவமும் தெரியாது, கொள்கையும் தெரியாது. "சார், நாளைக்கு பத்தரைக்கு கூப்புடுவாங்க" என்றார், மெதுவாக.

வாத்தியார் எழுந்து என் கடைக்குப் போனார். நானும் போனேன். திரையில் ஃபைலைத் திறந்து, எந்த வடிவத்தில் சேவ் செய்வது என்று கேட்கும் பட்டியலில் இறங்கி, பத்து வருடம் தொடாத வரியில் போய் நின்றார். கட்சி மாறி வந்தவர்களை மாலையோடு போட்டோ எடுக்க நிறுத்தும்போது முகம் ஒரு மாதிரி இருக்குமே, அந்த முகம். கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினார். பக்கத்துக் கடையில் ஆறு பக்கமும் பிரிண்ட் வந்தது. நான் அன்று அவரைக் கிண்டல் செய்யவில்லை. அதற்குப் பிறகும் அதை மட்டும் வைத்து ஓட்டியதில்லை.

மறுநாள் வேலூருக்கு நானும் போனேன். யாரும் கூப்பிடவில்லை; வீட்டில் உட்கார முடியவில்லை. வக்கீல் கோர்ட் வராந்தாவில் நின்றபடி ஆறு பக்கத்தையும் புரட்டினார். தான் எழுதிய பதினான்கு பக்கம் எங்கே என்று கேட்கப்போகிறார் என்று தூணுக்குப் பின்னால் போய் நின்றேன். குஷன் வந்த இடத்தில் அவர் விரல் நின்றது.

"இத ஏம்மா என்கிட்ட சொல்லல?"

"நீங்க கேக்கல சார்."

"அந்தக் குஷன் இருக்கா?"

"வூட்ல இருக்குது. பேரப்புள்ள உக்காந்துனு சாப்புடுது."

"இனிமே யாரும் உக்காரக் கூடாது. எடுத்துப் பத்திரமா வை." வாக்குமூலம் தாக்கலாயிற்று. குறுக்கு விசாரணைக்கு இரண்டு மாதம் தள்ளி வாய்தா விழுந்தது. அதற்குப் பிறகு இன்னொன்று. குஷன் ஒரு நாள் எண் ஒட்டப்பட்டு கோர்ட் அலமாரிக்குப் போனது. கடைசியில் அவரை வேலைக்கு எடுக்கச் சொல்லித் தீர்ப்பு வந்தது. கம்பெனி ஹைகோர்ட்டுக்குப் போனது. சட்டத்தை நம்பலாமா என்று என்னைக் கேட்டால் இன்றைக்கும் பேச்சை மாற்றிவிடுவேன்.

குடோன் சீலை உடைக்க ஐந்து மாதம் ஆயிற்று. மஞ்சள் பை தோலோடு தோலாக ஒட்டியிருந்தது. உப்பு மூன்று டிஸ்க்கையும் தின்றிருந்தது. பதினான்கு பக்கமும் கூழ். "நல்லா பதமாய்டுச்சு, இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா செருப்பே தெச்சிருக்கலாம்" என்றார் தோஸ்த்.

புது டிஸ்க் வாங்கி இரண்டு கம்ப்யூட்டரில் பழையபடி விண்டோஸ் ஏற்றினேன். நான் திருந்தவில்லை. பக்கத்துக் கடைக்காரர் தன் பிரதியிலிருந்து ஏற்றிக் கொடுத்தார், என்னுடையதே எனக்குத் திரும்பி வந்தது. ரொம்ப நாள் கழித்து மூன்றாவதிலும் ஏற்றப் போன நாளில் அந்த அம்மா ஹைகோர்ட்டுக்கு ஒரு பத்திரம் அடிக்க வந்தார். நான் விண்டோஸ் கம்ப்யூட்டர் முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டேன்.

"அதுல வேணாண்ணா. அந்தக் குருவிப் பொட்டில அடிங்க."

"அது குருவி இல்லம்மா, பெங்குவின். அதுல பிரிண்ட்டே வராது."

"வரலன்னா போவுது. அதுதான் நான் சொன்னத அப்படியே எழுதுச்சு."

எழுதியது நான் என்று சொல்லிப் பார்த்தேன். வக்கீல் எழுதியதை அந்தப் பொட்டியில் அடித்ததும் நீங்கள்தானே, அதில் குஷன் வரவில்லையே என்று கேட்டார். சணலிலிருந்து சிடியை அவிழ்த்து, துடைத்து, உள்ளே போட்டேன். அது உறுமிக்கொண்டிருக்கும்போதே பக்கத்துக் கடைக்கு ஓடிப்போய், பிரிண்ட் எடுக்க வேண்டியிருக்கும், ஷட்டரை இறக்கிவிடாதே என்று சொல்லிவிட்டு வந்தேன்.