பெயர் மாறிய குப்பி

வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் காத்தவராயன் இரத்தக் குப்பியைச் சட்டைப்பையில் வைப்பார். கம்பவுண்டர் கலைவாணன், சாரம் பகுதியிலிருந்த வீட்டுக்கே வந்து காத்தவராயனின் மனைவி செல்வாம்பாளுக்கு இரத்தம் எடுத்துக் கொடுத்ததும், சைக்கிளில் இவரேதான் அதை லேபுக்குக் கொண்டுபோவார். பெயர்ச்சீட்டு ஒட்டும்வரை நகரமாட்டார். அங்குள்ள பெண் முறைத்தால், “நீ ஒட்டும்மா, நா பாக்கறேன்” என்பார்.

பஞ்சாலையில் நூல் எடை பார்த்த மனிதர். பால்காரர் ஊற்றியதை வீட்டு ஆழாக்கில் மறுபடி அளப்பார். எதிர்வீட்டுக்காரனான என்னிடம் மணி கேட்டுவிட்டு, உள்ளே எட்டி என் மனைவியிடமும் கேட்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

செல்வாம்பாளுக்குக் கல்லீரலில் புற்றுநோய். மருந்துக்குக் கட்டி அடங்குகிறதா, வளர்கிறதா என்பதை இரத்தத்தில் ஏ.எஃப்.பி. என்றோர் எண் காட்டிக்கொடுக்கும். பத்துக்குள் இருந்தால் பயமில்லை. 2006 தை மாதம் அவருக்கு நானூறு. பங்குனியில் எண்ணூறு. வைகாசியில் ஆயிரத்து அறுநூறு.

“அதெப்டி சார் ரெட்டிப்பு ரெட்டிப்பா ஏறும்? இன்னா வாய்ப்பாடா?” என்று என்னிடம் குமுறினார். “பழைய பேப்பரப் பாத்து ஏத்தி எழுதறானுங்க. பயமுறுத்துனாதான நாம திரும்பத் திரும்பப் போவோம்?”

ஆடியில் தன் கையையும் கலைவாணனிடம் நீட்டி, இரண்டு குப்பிகளாகக் கொண்டுபோனார். லேபில் பெயர்களை மாற்றிச் சொன்னார். அவர் இரத்தத்துக்குச் செல்வாம்பாள் பெயர், செல்வாம்பாள் இரத்தத்துக்கு அவர் பெயர். விஷயம் எனக்கு மட்டும்தான் தெரியும். “என் ரத்தத்துக்கும் ஏத்தி எழுதி நாளைக்கு மாட்டுவான் பாருங்க” என்று சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

மறுநாள் நானும் கூடப் போனேன். செல்வாம்பாள்: மூன்று. காத்தவராயன்: மூவாயிரத்து இருநூறு.

“பெரியவரே, இன்னிக்கே டாக்டரப் போய்ப் பாருங்க” என்றாள் அந்தப் பெண். எப்போதும் முறைப்பவள் எழுந்து வந்து காகிதங்களை அவர் கையில் கொடுத்தாள்.

அவர் இரண்டு காகிதங்களையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முத்திரையைத் தடவினார். “கரெக்டாதான் பாத்துருக்காங்க, சார்” என்றார். இந்த ஒரு தடவையாவது இவர் சந்தேகம் பலித்திருக்கக் கூடாதா என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. வழியெல்லாம் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வந்தார்.

செல்வாம்பாள் வாசலிலேயே காத்திருந்தார். கணவர் கையிலிருந்த காகிதத்தை வாங்கித் தன் பெயரைத் தேடி, எண்ணை விரலால் தொட்டார்.

“மூணா? இன்னாங்க இது, தப்பா கிப்பா போட்டுட்டாங்களா?”

“அவங்க தப்பா போடமாட்டாங்க” என்ற காத்தவராயன், தன் பெயர் போட்ட காகிதத்தை வேட்டி மடிப்பில் இன்னும் ஆழமாகச் செருகிக்கொண்டார்.