மீனம்மாவின் படத்துக்கு யார் வைத்த பெயர்

மீனம்மா ஸ்டூடியோவுக்குள் வந்தபோது, கடவுச்சீட்டுப் படத்துக்காக ஒரு முதியவரை நேராக உட்காரவைக்க ரஜிதா பாடுபட்டுக்கொண்டிருந்தாள். மீனம்மா சுவரோரம் நின்று பொறுத்திருந்தாள். முதியவர் எழுந்து போன பிறகுதான் தன் தொலைபேசியை மேசையில் வைத்தாள்.

"இதைப் பார்."

அது ஏதோ வெளிநாட்டு இணையக் கடை. ஒரு குசன் உறையில் மீனம்மாவின் முகம் பதிந்திருந்தது. நாயாற்றுக் கரையில், தோளில் வலையோடு தூரத்தைப் பார்த்தபடி நிற்கும் படம். அது ரஜிதா எடுத்ததுதான். ஜெர்மனியில் இருக்கும் மீனம்மாவின் தமக்கை மகள் பிரேமிளா, வீட்டுக்குக் குசன் தேடும்போது கண்டு திடுக்கிட்டு அனுப்பியிருந்தாள். கீழே ஆங்கிலத்தில் இருந்ததையும் தமிழில் சொல்லியிருந்தாள். 'காத்திருக்கும் போர் விதவை.'

"என்ர மனிசன் இப்ப வீட்டில நித்திரை கொள்ளுது" என்றாள் மீனம்மா. "அவரைச் சாகடிச்சது ஆர்? நீயோ, அவங்களோ?"

"அக்கா, நான் அப்பிடி எழுதேல்லை."

"அண்டைக்கு ஐஸ் லொறி பிந்திப்போச்சு. நண்டெல்லாம் பழுதாகப் போகுதெண்டு றோட்டைப் பாத்துக்கொண்டு நிண்டனான். நீ வந்து ஒரு படம் எடுக்கட்டோ எண்டு கேட்டாய். எடு எண்டனான். விக்கச் சொன்னனானே?"

மீனம்மா தொலைபேசியை எடுத்துக்கொண்டு பஸ் எடுக்கப் போய்விட்டாள்.

ரஜிதாவுக்கு முப்பத்தாறு வயது. போர் முடிந்து மீள்குடியேற்றம் நடந்த ஆண்டுகளில் சனம் அடையாள அட்டைகளைத் தொலைத்துவிட்டு வரிசையில் நின்றபோது, ஒரு பழைய கமராவும் நீலத் துணியும் கொண்டு தொழிலைத் தொடங்கியவள். முல்லைத்தீவு நகரில் அவள் படம் எடுக்காத முகம் குறைவு. ஆனால் கலியாண வீடுகளுக்கு அவளைக் கூப்பிடமாட்டார்கள். பொம்பிளைப்பிள்ளை தனியக் கமராவோடு வந்து மேடையில் ஏறுவதா என்பார்கள். பெரியபிள்ளையான பெண்ணுக்குச் செய்யும் சாமத்தியச் சடங்குக்கு மட்டும் தேடி வருவார்கள். அந்தக் கோபத்தில்தான் அவள் விடியற்காலையில் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு நாயாற்றுக்கும் கடற்கரைக்கும் போய்த் தனக்கென்று படம் எடுக்கப் பழகினாள். பக்கத்தில் படங்களுக்குச் சட்டம் போடும் கடை வைத்திருந்த முஹ்ஸின் அவற்றில் இரண்டைத் தன் கடையில் மாட்டியதும், வெளிநாட்டிலிருந்து வந்த ஆட்கள் விலை கேட்டார்கள். இணையத்தில் போட்டால் உலகமே வாங்கும் என்று அவரும் சொன்னார்.

ஒரே மாலையில் அவள் படம் விற்கும் ஓர் இணையச் சேவையைத் தெரிந்தெடுத்தாள். பக்கம் அழகாக இருந்தது. அவர்களே அச்சிட்டு, அவர்களே அனுப்புவார்கள். 'நாயாறு, காலை' என்று பெயர் வைத்துப் படத்தை ஏற்றினாள். நாற்பது பக்க நிபந்தனையைப் படிக்காமல் இறுதிவரை உருட்டி, கேட்ட இடமெல்லாம் சரி போட்டாள்.

இப்போது அந்த நாற்பது பக்கத்தையும் அகராதியோடு உட்கார்ந்து படித்தாள். எல்லாம் அதில் இருந்தது. பங்காளிக் கடைகள் படத்தை எந்தப் பொருளிலும் அச்சிடலாம். தலைப்பை மாற்றலாம். விற்பவர் கணக்கை மூடினாலும் பங்காளிகளிடம் படம் ஓராண்டு இருக்கும். படிக்கப் படிக்க அவளுக்குக் காது சுட்டது.

படத்தை எடுக்கச் சொல்லி எழுதினாள். 'உங்கள் வருத்தம் எங்களுக்குப் புரிகிறது' என்று பதில் வந்தது. மறுநாள் எழுதினாள். அதே வரி. மூன்றாம் நாள், அந்தப் பெண் விதவை இல்லை, புருசன் உயிரோடு இருக்கிறார் என்று எழுதினாள். வாடிக்கையாளரின் மனதைத் தொடும் தலைப்புகளைப் பங்காளிகள் தெரிவுசெய்கிறார்கள், அதனால் விற்பனை கூடும் என்று பதில் வந்தது.

அவள் கதிரையைத் தள்ளிவிட்டு எழும்பிய சத்தத்தில் முஹ்ஸின் வந்து எட்டிப் பார்த்தார்.

"நானா, எங்கட சனம் எண்டால் ஒண்டில் செத்திருக்கோணும், இல்லாட்டி அழுதுகொண்டிருக்கோணுமாம். ஐஸ் லொறிக்குக் காவல் நிக்கக்கூடாதாம்."

"விடுங்கோ தங்கச்சி. உலகம் முழுக்க இருக்கிற கொம்பனியோட நாங்க என்ன செய்யேலும்?"

"விடமாட்டன்."

நிபந்தனைகளை இன்னொரு முறை படித்தபோதுதான் அந்தப் பந்தி கண்ணில் பட்டது. படத்தில் இருப்பவரின் எழுத்துமூலச் சம்மதம் இல்லையென்றால் படம் உடனே எல்லா இடமும் நீக்கப்படும். அதற்கு நேரே அவள் போட்ட சரி அடையாளம் இருந்தது. சம்மதம் உண்டு என்று அவள்தான் சொல்லியிருந்தாள்.

அவர்கள் தலைப்பில் பொய் எழுதினார்கள் என்று இவ்வளவு நாளும் கொதித்தவள், அதற்கு முந்திய பொய் தன்னுடையது என்பதை விழுங்க முடியாமல் இருந்தாள். பின்னேரம் எழுதினாள். என்னிடம் சம்மதக் கடிதம் இல்லை, நான் பொய்யாகச் சரி போட்டேன், படத்தை நீக்குங்கள். இரண்டே நாளில் படம் எல்லாக் கடைகளிலிருந்தும் மறைந்தது. கூடவே அவளுடைய கணக்கையும், நம்பகமற்ற விற்பனையாளர் என்று சொல்லி மூடினார்கள்.

அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் அவளுக்கு வீம்பு வந்துவிட்டது. இம்முறை ஒரு கொப்பியில் கேள்விகளை எழுதிவைத்துக்கொண்டு சேவைகளைத் தேடினாள். பெயர் வைப்பது யார்? எதில் அச்சிடுவார்கள்? வேண்டாமென்றால் எத்தனை நாளில் எடுப்பார்கள்?

ஒரு பெரிய சேவை எல்லாவற்றுக்கும் நல்ல பதில் வைத்திருந்தது. பதியும் இடத்தில் நாட்டைத் தெரிவுசெய்யப் போனால், ஆங்கில அகரவரிசையில் ஸ்பெயினுக்குப் பிறகு சுவீடன் வந்தது. இடையில் வரவேண்டிய ஸ்ரீலங்கா இல்லை. கேட்டதற்கு, வெளிநாட்டில் உறவினர் இருந்தால் அவர் பெயரில் திறக்கலாமே என்றார்கள்.

"ஆரையும் பிடிச்சுத் திறவுங்கோவன்" என்றார் முஹ்ஸின்.

"என்ர படம் என்ர பேரில போகோணும். அதுக்கும் கடன் பேர் வாங்கேலாது."

இன்னொன்று மாதிரிக்கு அனுப்பிய அச்சில் நாயாற்றுத் தண்ணீர் பாசி நிறத்தில் இருந்தது. அதையும் வெட்டினாள். கடைசியாகக் கொழும்பிலிருந்து இயங்கும் ஒரு சின்னச் சேவை அகப்பட்டது. பக்கம் பார்க்க வடிவில்லை. தாளில் மட்டும்தான் அச்சிடுவார்கள். வாங்குபவரின் ஒவ்வொரு கட்டளையும் அவள் பார்த்துச் சம்மதித்த பிறகே அச்சுக்குப் போகும். பெயரை அவளைத் தவிர யாரும் தொடமுடியாது. வெளிநாட்டுக்குப் போய்ச்சேர மூன்று கிழமை எடுக்கும்.

"மூண்டு கிழமை ஆர் பாத்துக்கொண்டிருப்பான்?" என்று கேட்டார் முஹ்ஸின்.

"பாக்கிறவன் வாங்கட்டும்."

பிறகு அவள் தமிழில் ஒரு சம்மதக் கடிதம் தட்டச்சு செய்து எடுத்துக்கொண்டு நாயாற்றுக்குப் போனாள். மீனம்மா வலையில் நண்டு கழற்றிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. ரஜிதா மணலில் குந்தி, தான் பொய்ச் சரி போட்டதை ஒளிக்காமல் சொன்னாள்.

"அப்ப அவங்களை மட்டும் ஏசி என்ன பிரியோசனம்?" என்றாள் மீனம்மா.

"ஓம் அக்கா. பிழை என்னிலதான் தொடங்கினது."

மீனம்மா கையைத் துடைத்துவிட்டுக் கடிதத்தை வாங்கி, ஒரு சொல் விடாமல் வாசித்தாள். திருப்பிக் கொடுத்தாள்.

"நல்லாத்தான் எழுதியிருக்கிறாய். நான் கையெழுத்து வைக்கமாட்டன்."

ரஜிதா எடுத்த படங்களிலேயே சிறந்தது மீனம்மாவின் அந்தப் படம்தான். இருந்தும் அவள் ஒரு வார்த்தைகூடக் கெஞ்சவில்லை. சரி என்று சொல்லிவிட்டு, அடுத்த மீன்வாடிக் கொட்டிலில் இருந்தவர்களிடம் போனாள். அன்று நான்கு பேர் கையெழுத்து வைத்தார்கள். இருவர் மாட்டோம் என்றார்கள்.

புதிய சேவையில் கட்டளைகள் மெல்ல மெல்ல வந்தன. மாசி மாதம் அவுஸ்திரேலியாவிலிருந்து ஒருவர் எழுதினார். தன் அலுவலகச் சுவருக்கு ஆறு பெரிய படங்கள் வேண்டும். ஆனால் இவையெல்லாம் சாதாரணமாக இருக்கின்றன, சண்டையின் வலி தெரிகிற முகங்கள் இருந்தால் நல்லது.

ரஜிதா அதை இரண்டு தரம் வாசித்தாள். ஏச நினைத்த வார்த்தைகள் எல்லாம் விரல் நுனிவரை வந்தன. கடைசியில் இரண்டு வரிதான் தட்டினாள்.

'இவை இந்த வருசம் இங்கே எடுத்த படங்கள். இந்த முகங்கள்தான் இருக்கின்றன.'

அவர் மறுபடி எழுதவில்லை. அவள் கணினியை அணைத்துவிட்டு, முள்ளியவளையில் ஒரு சாமத்தியச் சடங்குக்கு நேரமாகிவிட்டதென்று கமராப் பையைத் தோளில் போட்டாள்.